‘ஃப்ளோட்டேஷன்’ என்ற சொல்லுக்கு என்ன பொருள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும் பாடங்கள், செய்திகள், கருவிக் கையேடுகள் ஆகியவற்றின் படிகளைத் திருத்திக் கொடுப்பது என் வேலை. வேதியியல் ஆசிரியர், பங்குச் சந்தைச் செய்தி எழுதுபவர், கால்நடை மருத்துவ மாணவர், படகுக் கையேட்டை மொழிபெயர்ப்பவர் என ஒருவரோடு ஒருவர் தொடர்பில்லாத பலரும் ‘ஃப்ளோட்டேஷன்’ என்ற ஒரே சொல்லில் வந்து முட்டிக்கொண்டு நிற்பதைப் பலமுறை பார்த்துவிட்டேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதிய விடைகளை இங்கே ஒன்றாகத் தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டுவிட்டேன்.

1. ஃப்ளோட்டேஷன்னா மிதத்தல்தானே? இதுல குழப்பம் எங்கே வருது?

அடிப்படைப் பொருள் மிதத்தல்தான். ஆனால் தமிழில் ஒன்று தானாக மிதப்பதையும், ஒருவர் அதை மிதக்கவிடுவதையும் வினைச்சொல்லே பிரித்துக் காட்டிவிடும். மரக்கட்டை மிதக்கிறது, தெப்பத்தை மிதக்கவிடுகிறோம். ஆங்கிலப் பெயர்ச்சொல்லில் இந்தத் தன்வினை, பிறவினை வேறுபாடு மறைந்துபோகிறது. கப்பல் தானாக மிதக்கும் நிலையும், சுரங்கத் தாதுவை வேண்டுமென்றே மிதக்கவைத்துப் பிரிப்பதும், ஒரு நிறுவனத்தின் பங்குகளைச் சந்தையில் இறக்குவதும் அங்கே ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன.

ஆகவே இந்தச் சொல்லை எங்கே கண்டாலும் எது மிதக்கிறது, எதன்மேல் மிதக்கிறது, தானாக மிதக்கிறதா, யாராவது மிதக்கவைக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கீழே வரும் விடைகளில் பெரும்பாலானவை இந்த ஆய்வின் விளைவே.

2. எல்லா இடத்திலும் ‘மிதப்பு’ என்று ஒரே சொல்லைப் போட்டுவிட்டால் என்ன தவறு?

இயற்பியலிலும் வேதியியலிலும் அந்தச் சொல் நன்றாகவே நிலைபெற்றுவிட்டது. அங்கே அதை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் பேச்சுத்தமிழில் மிதப்பு என்பதற்குச் செருக்கு என்றும் போதை என்றும் பொருள் உண்டு. பதவி கிடைத்ததிலிருந்து ஒரு மிதப்பில் திரிகிறான் என்று சொல்லிப் பழகிய வாசகருக்கு, ‘அந்த நிறுவனத்தின் மிதப்பு அடுத்த மாதம் நடைபெறும்’ என்ற வரி வேறு ஏதோ ஒன்றைச் சொல்லும். இந்த வரி நான் கற்பனையாக எழுதியதன்று. திருத்துவதற்கு வந்த ஒரு படியில் இருந்தது.

மிதவை, தெப்பம், புணை, தக்கை ஆகிய நல்ல தமிழ்ச் சொற்களும் உதவிக்கு வருவதில்லை, ஏனெனில் அவை மிதக்கும் பொருளின் பெயர்கள். மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் தைப்பூசத்தன்று சுற்றிவருவது தெப்பம். தூண்டிலில் மீன் கடித்ததும் அமிழ்வது தக்கை. நாம் தேடுவது செயலின் பெயரை.

3. ஆங்கிலத்தில் சில இடங்களில் நடுவே ‘ஏ’ என்ற எழுத்தைச் சேர்த்தும், சில இடங்களில் விட்டும் எழுதுகிறார்களே, எது சரி?

எழுத்தை விட்டு எழுதுவதே இன்று பெருவழக்கு. மிதத்தலைக் குறிக்கும் வினைச்சொல்லில் அந்த எழுத்து இருப்பதால் பெயர்ச்சொல்லையும் முதலில் அதைச் சேர்த்தே எழுதினார்கள். பின்னர் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலின் செல்வாக்கால் அது விடுபட்டது. சேர்த்து எழுதினால் பிழை என்று சொல்ல முடியாது, பொருளும் மாறாது. தமிழில் ஒலிபெயர்க்கும்போது இரண்டும் ஒன்றாகிவிடுவதால் நமக்கு இந்தத் தொல்லை இல்லை.

4. மிதப்பு விசையும் மிதத்தலும் ஒன்றுதானா?

இல்லை. கிணற்றில் நீர் இறைத்தவர்களுக்கு இது தெரியும். நிறைகுடம் நீருக்குள் இருக்கும்வரை கயிறு இலேசாக வரும்; நீர்மட்டத்தைவிட்டு மேலே வந்ததும் கனம் கையில் இறங்கும். நீருக்குள் இருந்தபோது அதைத் தாங்கியதுதான் மிதப்பு விசை. ஆனாலும் கயிற்றை விட்டால் குடம் அடிக்குத்தான் போகும். நீரில் அமிழும் எல்லாப் பொருளின்மீதும் மிதப்பு விசை உண்டு. மிதத்தல் எல்லாப் பொருளுக்கும் வாய்ப்பதில்லை.

ஒரு பொருள் இடம்பெயர்த்த நீரின் எடைக்குச் சமமான விசை அதை மேல்நோக்கித் தள்ளுகிறது என்பது ஆர்க்கிமிடிஸ் தத்துவம். அந்த விசை பொருளின் முழு எடையையும் தாங்கும் அளவுக்கு வரும்போது பொருள் மிதக்கிறது என்பது மிதத்தல் விதி. அதனால்தான் மிதக்கும் பொருள் எப்போதும் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை மட்டுமே இடம்பெயர்க்கிறது. பனிக்கட்டியின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 917 கிலோ, கடல்நீரின் அடர்த்தி 1,025 கிலோ. பனிப்பாறையில் பத்தில் ஒன்பது பங்கு நீருக்கடியில் மறைந்திருப்பதற்குக் காரணம் இந்த இரண்டு எண்களின் விகிதமே.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் மிதப்பு விசை என்பதை இலங்கைப் பாடநூல்கள் மேலுதைப்பு என்கின்றன. எனக்கு இலங்கைச் சொல்லே பிடிக்கும், ஏனெனில் விசையையும் மிதத்தலையும் குழப்பிக்கொள்ள அது இடமே தருவதில்லை.

5. இரும்பு ஆணி மூழ்குது, இரும்புக் கப்பல் எப்படி மிதக்குது?

முந்தைய விடையிலேயே இதற்கான பதில் இருக்கிறது. கப்பலின் வடிவம் அதனுள்ளே பெருமளவு காற்றை அடைத்து வைத்திருப்பதால், தன் எடைக்குச் சமமான நீரை இடம்பெயர்க்கும் வரை அமிழ்ந்து, அதற்குமேல் அமிழாமல் நிற்கிறது. சரக்கு ஏற ஏற இன்னும் கொஞ்சம் அமிழும்.

எவ்வளவு அமிழலாம் என்பதற்கு எல்லை வேண்டும் என்று போராடியவர் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் சாமுவேல் பிளிம்சால். அளவுக்கு மீறிச் சரக்கேற்றி அனுப்பப்பட்ட கப்பல்களில் மாலுமிகள் மாண்டதே அவருடைய போராட்டத்துக்குக் காரணம். 1876இல் வந்த சட்டத்துக்குப் பிறகு கப்பலின் பக்கவாட்டில் சரக்கேற்ற எல்லைக்கோடு வரையப்படலாயிற்று. இன்றைய கப்பல்களில் அது ஒரே கோடாக இருப்பதில்லை. கோடைக்கால நீர், குளிர்கால நீர், வெப்பமண்டல நீர், நன்னீர் என்று தனித்தனிக் கோடுகள் உண்டு. கடலிலிருந்து ஆற்றுத் துறைமுகத்துக்குள் நுழையும் கப்பல், ஒரு மூட்டைகூட ஏற்றாமலேயே சற்று அதிகமாக அமிழும். நன்னீரின் அடர்த்தி குறைவு.

6. கப்பல் பாடத்தில் ‘சென்டர் ஆஃப் ஃப்ளோட்டேஷன்’ என்று வருகிறது. அதை ‘மிதப்பு மையம்’ என்று எழுதலாமா?

எழுதக் கூடாது. மிதப்பு மையம் என்ற பெயரை நம் பாடநூல்கள் ஏற்கெனவே வேறொன்றுக்குக் கொடுத்துவிட்டன. மிதப்பு விசை செயல்படுகின்ற புள்ளி, அதாவது கப்பல் இடம்பெயர்த்த நீரின் கனஅளவுக்கு மையமாக இருக்கும் புள்ளி அது. அது நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும்.

நீங்கள் கேட்கும் புள்ளியோ நீர்மட்டத்திலேயே இருக்கிறது. கப்பலை நீர்மட்டத்தில் கிடையாக அறுத்துப் பார்ப்பதாகக் கற்பனை செய்துகொண்டால், அந்த வெட்டுப்பரப்பின் மையமே அது. முன்பக்கமோ பின்பக்கமோ சரக்கின் எடை சற்று மாறும்போது கப்பல் இந்தப் புள்ளியைச் சுற்றித்தான் முன்பின் சாய்கிறது. ‘நீர்மட்டப் பரப்பின் மையம்’ என்று விளக்கமாக எழுதுவது நீளமானாலும் பாதுகாப்பானது.

7. படகுக் கையேட்டில் ‘ஃப்ளோட்டேஷன் டிவைஸ்’ என்று இருக்கிறது. ‘லைஃப் ஜாக்கெட்’ என்றே போட்டுவிடலாமா?

எல்லா லைஃப் ஜாக்கெட்டும் மிதவைக் கருவிதான். எல்லா மிதவைக் கருவியும் லைஃப் ஜாக்கெட் ஆகிவிடாது. விமான இருக்கையின் மெத்தையைக்கூடச் சில விமானங்களில் மிதவையாகப் பயன்படுத்தச் சொல்வார்கள். அதை யாரும் ஜாக்கெட் என்று சொல்வதில்லை.

ஐரோப்பிய அளவீடுகளின்படி 50 நியூட்டன் மிதப்பு விசை தரும் உடுப்பு, நீந்தத் தெரிந்தவருக்குத் துணைசெய்யும் கருவி மட்டுமே. 100, 150, 275 நியூட்டன் வகைகளே லைஃப் ஜாக்கெட் என்று பெயர் பெறுகின்றன. தன்னினைவற்று விழுந்தவரையும் முகம் மேலே இருக்குமாறு திருப்பிவிடுவதற்கென்று அவை வடிவமைக்கப்படுகின்றன. மொழிபெயர்ப்பில் முதல் வகையை லைஃப் ஜாக்கெட் என்று எழுதிவிட்டால், நீந்தத் தெரியாத ஒருவர் அதை நம்பி நீரில் இறங்கிவிடக்கூடும். சொல் தேர்வில் உயிர் தொங்கும் இடங்களில் இதுவும் ஒன்று. இந்தச் சிறிய உடுப்பு எப்படி முழு ஆளைத் தாங்குகிறது என்று ஐயுறுவோர் நான்காம் விடையைப் பார்க்கவும்: உடலைப் பெரும்பாலும் நீரே தாங்கிவிடுகிறது, உடுப்பு தாங்க வேண்டியது மிச்சத்தை மட்டுமே.

8. நுரை மிதப்பு முறையில் கனமான தாது மேலே வருது, இலேசான மணல் கீழே போகுது. இது மிதத்தல் விதிக்கே எதிரா இருக்கே?

நல்ல கேள்வி, இதைக் கேட்காமல் மனப்பாடம் செய்பவர்களே அதிகம். அரைத்த தாதுவை நீரில் கலந்து, காற்றுக்குமிழிகளால் எழும் நுரையோடு தாதுவை மட்டும் பிரித்தெடுப்பதே நுரை மிதப்பு முறை. ஈயத்தின் தாதுவான கலீனா நீரைப்போல ஏறத்தாழ ஏழரை மடங்கு அடர்த்தியுள்ளது. அதோடு ஒட்டிவரும் குவார்ட்ஸ் மணல் இரண்டரை மடங்கைச் சற்றே தாண்டும். விதிப்படி இரண்டுமே மூழ்க வேண்டும். உண்மையில் இங்கே மிதப்பது தாது அன்று, காற்றுக்குமிழி. தாதுத்துகள் அந்தக் குமிழியில் தொற்றிக்கொண்டு மேலே போகிறது. குமிழியையும் துகளையும் சேர்த்து ஒரே பொருளாகக் கருதினால், அதன் சராசரி அடர்த்தி நீரைவிடக் குறைவு, விதி மீறப்படவில்லை.

கோலி சோடாவில் நான்கு உலர்திராட்சைகளைப் போட்டுப் பாருங்கள். முதலில் மூழ்கும், சுருக்கங்களில் குமிழிகள் ஒட்டியதும் மேலே வரும், மேலே குமிழி உடைந்ததும் மறுபடி இறங்கும். நுரை மிதப்புக் கலத்தில் நடப்பதும் இதுதான், ஆனால் அங்கே குமிழி உடையாமல் நுரையாக நிற்க வேண்டும், அந்த நுரையை வழித்தெடுக்க வேண்டும்.

எந்தத் துகள் குமிழியில் ஒட்டும் என்பதை முடிவுசெய்வது எடையன்று, நனையும் தன்மை. தாமரை இலைமேல் நீர் ஒட்டாமல் உருள்வதைப்போல, சில பரப்புகள் நீரை ஏற்பதில்லை. அவை நீரைவிட்டுக் காற்றைப் பற்றிக்கொள்ளும். மணல் நன்றாக நனையும், ஆகவே நீரோடு தங்கிவிடும். தாதுவை மாவுபோல அரைப்பதும் இதற்காகவே. தாதுவும் மணலும் ஒட்டிய துகளாக இருந்தால் பிரிக்க வழியில்லை. துகள் பெரிதாக இருந்தால் குமிழியால் தூக்க முடியாது.

9. இதைக் கண்டுபிடித்தவர் யார்?

ஒருவர் பெயரைச் சொல்வது நேர்மையாக இராது. 1877இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்துப் பெசல் சகோதரர்கள் கிராஃபைட்டை இவ்வழியில் தூய்மைப்படுத்தக் காப்புரிமை பெற்றார்கள். 1886இல் அமெரிக்காவில் கேரி எவர்சன் என்ற பெண்மணி எண்ணெயும் அமிலமும் கொண்டு தாதுவைப் பிரிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அவர் எண்ணெய்ப்பிசுக்கேறிய தாதுப் பையைத் துவைத்தபோது இதைக் கண்டுகொண்டார் என்று ஒரு கதை உலவுகிறது. கதை என்ற அளவில் அதை வைத்துக்கொள்ளலாம்.

தொழிலாக இது வளர்ந்த இடம் ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில். அங்கே வெள்ளியையும் ஈயத்தையும் எடுத்தபின், துத்தநாகம் கலந்த கழிவு மலைமலையாகக் குவிந்து கிடந்தது. எடையைக் கொண்டு பிரிக்கும் பழைய முறைகள் அங்கே பலிக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாட்டர், டெல்ப்ராட் முதலியோர் குமிழிகளைக் கொண்டு அந்தக் குப்பையிலிருந்து துத்தநாகத்தை மீட்டார்கள். பின்னர் காப்புரிமை வழக்குகள் பெருகி, 1916இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை சென்றன.

10. இந்தப் பாடத்தில் ‘கலெக்டர்’, ‘டிப்ரசன்ட்’ என்று வரும் சொற்களை எப்படி எழுதுவது?

ஒரு படியில் முதலாவது ‘ஆட்சியர்’ என்றும் இரண்டாவது ‘மனச்சோர்வு மருந்து’ என்றும் வந்திருந்ததைப் பார்த்தபின் இந்தக் கேள்வியைச் சேர்த்தேன். முதலாவது, தாதுத்துகளின் மேல் படிந்து அதை நனையாததாக ஆக்கும் பொருள், சேகரிப்பான் எனலாம். 1920களில் புழக்கத்துக்கு வந்த சாந்தேட்டுகள் இவ்வகையில் முதன்மையானவை. நுரையை நிலைநிறுத்தும் பைன் எண்ணெய் போன்றவை நுரையாக்கிகள்.

இரண்டாவது, ஒரு குறிப்பிட்ட தாது மட்டும் மேலே வராமல் தடுப்பது. தடுப்பான் என்றே எழுதலாம். ஈயமும் துத்தநாகமும் கலந்த தாதுவில் சோடியம் சயனைடு சேர்த்தால் துத்தநாகத் தாதுவின் பரப்பு மாறி அது கீழேயே நின்றுவிடும், ஈயத்தாது மட்டும் நுரையோடு வரும். பிறகு செம்புச் சல்ஃபேட்டைச் சேர்த்துத் துத்தநாகத்தைத் தட்டியெழுப்பி அடுத்த கலத்தில் மிதக்கவிடுவார்கள். அப்படி எழுப்புவதன் பெயர் கிளர்வூட்டி.

11. தமிழ்நாட்டில் எங்கேயாவது இது நடக்கிறதா, இல்லை பாடப்புத்தகத்தோடு சரியா?

நடக்கிறது. சிவகங்கை அருகே தமிழ்நாடு கனிம நிறுவனம் கிராஃபைட் வெட்டியெடுத்துச் செறிவூட்டுகிறது. நம் ஊர்ப் பேச்சில் பென்சில் கரி என்றால் எளிதில் விளங்கும். கிராஃபைட் இயல்பிலேயே நனையாத பரப்பு கொண்டது என்பதால், மற்றத் தாதுக்களைப்போல அதற்கு விரிவான வேதிப்பொருள் வரிசை தேவைப்படுவதில்லை. சிறிது எண்ணெயும் நுரையாக்கியும் போதும். பெசல் சகோதரர்கள் முதன்முதலில் கிராஃபைட்டில் கைவைத்ததும் தற்செயலானதன்று.

12. எங்கள் ஆலையின் கழிவுநீர்ப் பிரிவில் ‘டாஃப்’ என்று ஒரு தொட்டி இருக்கிறது. அதன் விரிவாக்கத்திலும் இந்தச் சொல் வருகிறதே?

அழுத்தத்தில் காற்றைக் கரைத்து மிதக்கவிடும் முறை அது. சோடா பாட்டிலைத் திறந்ததும் குமிழிகள் கிளம்புவதுபோல, அழுத்தத்தில் காற்று கரைந்த நீரைத் தொட்டிக்குள் திறந்துவிடும்போது மிக நுண்ணிய குமிழிகள் பிறந்து, எண்ணெய், கொழுப்பு, நார், பாசி முதலியவற்றை மேலே கொண்டுவருகின்றன. மேலே சேரும் ஏட்டை வழித்துவிடுவார்கள். படியவைத்துப் பிரிக்க நெடுநேரம் பிடிக்கும் இலேசான அழுக்குக்கு இது ஏற்ற வழி. பழைய தாளைக் கூழாக்கி அச்சு மையை நுரையோடு நீக்கும் காகித ஆலை முறையும் இதன் உறவுதான். அங்கே வேண்டாத மை மேலே வருகிறது, வேண்டிய நார் கீழே தங்குகிறது.

13. விதைநெல்லை உப்புத் தண்ணியில போட்டுப் பதர் எடுக்கிறோமே, அதுவும் இந்தக் கணக்குல சேருமா?

சேரும், ஆனால் எட்டாம் விடையில் சொன்ன குமிழி வழியில் அன்று. இது அடர்த்தியை மட்டும் நம்பும் நேரான மிதத்தல். வெறும் நீரில் பதர் மட்டுமே மிதக்கும், அரைகுறையாக முற்றிய நெல் மூழ்கிவிடும். நீரில் உப்பைக் கரைத்து அடர்த்தியை ஏற்றினால் அதுவும் மேலே வந்துவிடும். உப்பு போதுமா என்று அறிய உழவர்கள் நல்ல முட்டை ஒன்றைப் போட்டுப் பார்ப்பார்கள். அடியில் கிடந்த முட்டை மேலெழுந்து, அதன் ஓடு ஒரு நாணயத்தின் அகலத்துக்கு வெளியே தெரிந்தால் கரைசல் பதம். ஆய்வகத்து அடர்த்திமானி செய்கிற வேலையை முட்டை செய்துவிடுகிறது.

மிதப்பதை அள்ளி எறிந்துவிட்டு, அடியில் தங்கிய மணிகளை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசிய பிறகே ஊறவைக்க வேண்டும்; உப்பு ஒட்டியிருந்தால் முளைப்பு கெடும்.

14. கால்நடை மருத்துவப் பாடத்தில் சாணத்தை மிதக்கவிட்டுப் பார்ப்பது எதற்கு?

ஆட்டுப் புழுக்கையிலோ மாட்டுச் சாணத்திலோ உள்ள குடற்புழு முட்டைகளைக் கண்டுபிடிக்க. விதைநெல் முறையின் தத்துவமே இங்கும். ஆனால் வேண்டியது மேலே வருகிறது. செறிந்த உப்புக் கரைசலில் சாணத்தைக் கலக்கி வடிகட்டி வைத்தால் உருளைப்புழுக்களின் முட்டைகள் மேற்பரப்புக்கு வரும். அதன்மேல் கண்ணாடி வில்லையை வைத்தெடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். கல்லீரல் தட்டைப்புழுவின் முட்டை கனமானது என்பதால் இந்தக் கரைசலில் அது அகப்படாது. அதற்குப் படியவைக்கும் முறையே வேண்டும். ‘மிதப்புச் சோதனையில் ஒன்றுமில்லை’ என்ற முடிவை ‘புழுவே இல்லை’ என்று மொழிபெயர்த்துவிடக் கூடாது.

15. தொல்லியல் அறிக்கையில் இந்தச் சொல்லைப் பார்த்தேன். அகழாய்வுக் குழியில் என்ன மிதக்கும்?

கரிந்த விதைகள். அகழ்ந்த மண்ணை நீரில் இட்டுக் கலக்கினால் மண் அடங்கும், துளைகள் நிறைந்த கரித்துகளும் கரிந்த தானியமும் மேலே வரும். நுண்சல்லடையில் வடித்தெடுத்து, அக்காலத்து மக்கள் என்ன விளைவித்தார்கள், என்ன உண்டார்கள் என்று ஆராய்வார்கள். 1960களின் பிற்பகுதியிலிருந்து இது உலகெங்கும் பரவியது.

16. தடய மருத்துவத்திலும் ஒரு மிதப்புச் சோதனை உண்டு என்கிறார்களே?

உண்டு. இறந்த சிசு உயிரோடு பிறந்ததா என்று அறிய நுரையீரலை நீரிலிடும் பழைய சோதனை அது. மூச்சு விட்டிருந்தால் காற்றுப் புகுந்து நுரையீரல் மிதக்கும் என்பது கருதுகோள். அழுகலில் உண்டாகும் வாயுவும், மூச்சூட்ட முயன்றபோது புகுந்த காற்றும் இதே விளைவைத் தரும் என்பதால், இதை மட்டும் கொண்டு முடிவுக்கு வரக் கூடாது என்று மருத்துவ நூல்களே எச்சரிக்கின்றன. செய்தி எழுதுவோர் ‘நிரூபிக்கப்பட்டது’ என்ற சொல்லை இங்கே தவிர்க்க வேண்டும்.

17. டிராக்டர் டயருக்கும் ஃப்ளோட்டேஷன் என்கிறார்கள். டயர் எங்கே மிதக்கிறது?

சேற்றின்மேல். அகன்று, காற்றழுத்தம் குறைந்த டயர், வண்டியின் எடையைப் பெரிய பரப்பில் பரப்பிவிடுவதால் சக்கரம் புதைவதில்லை, மண்ணும் இறுகுவதில்லை. இது உவமைப் பொருள்தான். ஆர்க்கிமிடிசுக்கு இங்கே வேலையில்லை. ‘புதையாத அகல டயர்’ என்று எழுதினால் போதும்.

18. நகரங்களில் உப்புத் தண்ணீர்த் தொட்டியில் மிதந்துகொண்டே ஓய்வெடுக்கிறார்களாமே?

உடல் வெப்பத்தை ஒட்டிய சூட்டில், எப்சம் உப்பு எனப்படும் மக்னீசியம் சல்ஃபேட்டை ஏராளமாகக் கரைத்த ஆழமில்லாத நீரில், இருட்டிலும் அமைதியிலும் கிடப்பது அது. 1954இல் அமெரிக்க ஆய்வாளர் ஜான் லில்லி, புலன்களுக்கு எதுவுமே எட்டாதபோது மூளை என்ன செய்யும் என்று ஆராய அமைத்த தொட்டியிலிருந்து வளர்ந்தது இது. ‘மிதவைத் தொட்டி’ என்றால் தொட்டியே மிதப்பதுபோல் தோன்றும். மிதப்புக் குளியல் என்பது பொருந்தும்.

19. ஒரு கம்பெனி ‘ஃப்ளோட்’ ஆகுதுன்னா என்ன? அதுக்குத் தமிழில் என்ன சொல்வது?

அதுவரை சிலர் கையில் மட்டும் இருந்த பங்குகளை முதன்முதலாகப் பொதுமக்களுக்கு விற்றுச் சந்தையில் பட்டியலிடுவது. கப்பலைக் கட்டி முடித்து நீரில் இறக்குவதே இதன் உவமை. பொதுப் பங்கு வெளியீடு என்ற சொல் பெரும்பாலான இடங்களுக்குப் போதும். புதிய பங்கு வெளியீடு என்பதில் மட்டும் கவனம் வேண்டும், எல்.ஐ.சி. 2022 மே மாதம் சந்தைக்கு வந்தபோது, அரசு தன் கையிலிருந்த பங்குகளில் 3.5 விழுக்காட்டை, ஒன்று 949 ரூபாய் விலையில் விற்றதே தவிர, புதிதாகப் பங்கு எதையும் நிறுவனம் வெளியிடவில்லை. ஆங்கிலச் சொல் இரண்டுக்கும் பொருந்தும். தமிழ்ச் சொல்லை நாம்தான் பார்த்துப் போட வேண்டும்.

மிதக்கவிடுதல் என்று ஏன் இங்கே எழுதக் கூடாது என்று சிலர் கேட்கிறார்கள். பண விவகாரத்தில் தமிழுக்கு மூழ்குதல் என்ற உவமை உண்டு. அடகு வைத்த நகை மூழ்கிப்போயிற்று என்கிறோம், கடனில் மூழ்கினான் என்கிறோம். ஆனால் மீட்ட நகையை மிதந்தது என்று யாரும் சொல்வதில்லை. உவமையின் ஒரு கரைதான் நம்மிடம் இருக்கிறது.

20. ‘டெண்டர் ஃப்ளோட் பண்ணியிருக்காங்க’, ‘அவர் ஒரு கம்பெனி ஃப்ளோட் பண்ணினார்’ என்கிறார்களே, அங்கேயும் பங்கு வெளியீடா?

இல்லை. இந்திய ஆங்கிலத்தில் அந்த வினைச்சொல் தளர்ந்துவிட்டது. முதலாவது ஒப்பந்தப்புள்ளி கோருதல். இரண்டாவது, நிறுவனத்தைத் தொடங்குதல். லண்டன் செய்தியில் இதே வரி வந்தால் முந்தைய விடையில் சொன்ன பொருளுக்கு வாய்ப்பு அதிகம். எந்த ஊர் ஆங்கிலம் என்று பார்த்த பின்பே மொழிபெயர்க்க வேண்டும்.

21. ரூபாயை மிதக்கவிட்டார்கள் என்று இலங்கைச் செய்திகளில் படித்தேன். இது சரியான தமிழா?

சரிதான்; இந்த ஓரிடத்தில் மட்டும் உவமை நம்மிடம் வேரூன்றிவிட்டது. நாணயத்தின் மதிப்பை அரசோ மத்திய வங்கியோ கட்டிவைக்காமல் சந்தையின் ஏற்ற இறக்கத்துக்கு விட்டுவிடுவதை அது குறிக்கிறது. பிரிட்டன் 1972 ஜூனில் பவுண்டையும், இலங்கை 2001 ஜனவரியில் தன் ரூபாயையும் அவ்வாறு விட்டன. பின்னர் டாலருக்கு 200 ரூபாயை ஒட்டிப் பிடித்துவைத்திருந்த மதிப்பை 2022 மார்ச்சில் தளர்த்தியபோது, அம்மாத முடிவுக்குள் டாலர் 300 ரூபாயை நெருங்கிவிட்டது. மிதக்கவிட்டது மூழ்கியது என்று இலங்கை நண்பர் ஒருவர் கசப்போடு சொன்னார்.

இந்தியாவில் 1993 மார்ச் முதல் மதிப்பைச் சந்தை முடிவுசெய்கிறது. ஆனாலும் தேவைப்படும்போது ரிசர்வ் வங்கி தலையிடும். அதனால் இதைக் கட்டுப்பாட்டுக்குட்பட்ட மிதவை என்பார்கள்.

22. ‘ஃப்ரீ ஃப்ளோட்’, ‘ஃப்ளோட் கிளாஸ்’ இவையும் இதே குடும்பமா?

வேர் ஒன்றே, பயன் வேறு. முதலாவது, நிறுவனர், அரசு ஆகியோரின் கையில் முடங்காமல் சந்தையில் கைமாறக்கூடிய பங்குகளின் அளவு. சென்செக்ஸ் 2003 முதலும் நிஃப்டி 2009 முதலும் இதைக் கொண்டே கணக்கிடப்படுகின்றன. இரண்டாவது, உருகிய வெள்ளீயத்தின்மேல் உருகிய கண்ணாடியைப் பரப்பிச் சமதளமாக இறுகவைத்த தகடு.

23. ஒரே வரியில் இரண்டு பொருளும் வந்தால் என்ன செய்வது? ‘சுரங்க நிறுவனம் தன் ஃப்ளோட்டேஷன் ஆலைக்காக ஃப்ளோட்டேஷனுக்குப் போகிறது, ஃப்ளோட்டேஷன் செலவு அதிகம்’ என்று ஒரு கட்டுரையில் இருக்கிறது.

முதலிரண்டும் எளியவை: ‘சுரங்க நிறுவனம் தன் நுரை மிதப்பு ஆலைக்கு நிதி திரட்டப் பொதுப் பங்கு வெளியீட்டில் இறங்குகிறது.’ மூன்றாவதில்தான் சிக்கல். நிதித்துறையில் அந்தத் தொடர், வெளியீட்டை நடத்தித்தரும் வங்கிகளுக்கும் வழக்கறிஞர்களுக்கும் விளம்பரத்துக்கும் ஆகும் செலவைக் குறிக்கும். 100 கோடி ரூபாய் திரட்டி அதில் 4 கோடி இப்படிப் போனால் நிறுவனத்தின் கைக்கு 96 கோடியே வரும். சுரங்கத்துறையிலோ அதே தொடர், அரைத்த தாதுவை மிதக்கவைக்க ஆகும் வேதிப்பொருள், மின்சாரம் ஆகியவற்றின் செலவு.

கட்டுரையில் அடுத்து வரும் எண்ணைப் பாருங்கள். திரட்டிய தொகையில் இத்தனை விழுக்காடு என்று இருந்தால் ‘வெளியீட்டுச் செலவு’ என்று எழுதுங்கள். ஒரு டன்னுக்கு இத்தனை ரூபாய் என்று இருந்தால் ‘மிதப்புப் பிரிப்புச் செலவு’ என்று எழுதுங்கள். எண்ணே இல்லையென்றால் கட்டுரையாளரிடம் கேட்டுவிடுங்கள்.